இடைவேளை இயல்: ஒரு தொடக்கநிலை ஆராய்ச்சி

தமிழ் சினிமாவில் ஆராயாமல் விட்டது எதுவும் இல்லை என்றுதான் பொதுவாக நம்புகிறோம். பாட்டை ஆராய்ந்தாகிவிட்டது. பஞ்ச் வசனத்தை ஆராய்ந்தாகிவிட்டது. கட்அவுட்டுக்கு ஊற்றிய பால் யார் வீட்டு வாசலில் காணாமல் போன பால் என்பது வரைக்கும் விசாரித்தாகிவிட்டது. ஆனால் படத்தின் நட்டநடுவில் விளக்கெல்லாம் பளீரென்று எரிய, அரங்கமே ஒன்றாக எழுந்து சோம்பல் முறிக்கும் அந்தப் பதினைந்து நிமிடத்தை மட்டும் அறிஞர்கள் சீண்டியதாகத் தெரியவில்லை. காரணத்தை ஊகிப்பது கடினமல்ல. அந்த நேரத்தில் அவர்கள் கேன்டீன் வரிசையில் நின்றிருப்பார்கள்.

அந்தக் குறையைப் போக்க எழுந்ததே இந்த இயல். இதன் கருதுகோள் ஒன்றுதான்: தமிழர்கள் தியேட்டருக்குப் போவது இடைவேளைக்காக. அதற்கு முன்னும் பின்னும் சும்மா உட்கார்ந்திருக்க முடியாதே என்று படம் ஓட்டுகிறார்கள். மறுப்பவர்கள், குடும்பத்தோடு கடைசியாகப் போன படத்தின் கதையை நினைவுபடுத்திப் பார்க்கட்டும். பிறகு அன்றைக்கு இடைவேளையில் என்ன தின்றோம், அது எவ்வளவு ஆனது என்று நினைவுபடுத்திப் பார்க்கட்டும். எது சட்டென்று வருகிறதோ அதுவே சான்று.

ஆய்வெல்லையைச் சொல்லிவிடுகிறேன். ஊர் நடுவிலிருக்கும் பழைய ஒற்றைத்திரை அரங்கம், மால் மாடியில் இருக்கும் மல்டிபிளெக்ஸ், வீட்டு சோபா ஆகிய மூன்றும் உள்ளே. வேலைநாள் காலைக்காட்சி வெளியே. பத்துப் பேர் மட்டும் உட்கார்ந்திருக்கும் அரங்கில் திடீரென்று விளக்கு எரிந்தால், இவன் ஏன் வேலைக்குப் போகவில்லை என்று ஒவ்வொருவரும் மற்றவரைப் பார்ப்பார்கள். அது வேறு துறை.

இடைவேளையைக் கண்டுபிடித்தது எந்தக் கலைஞனும் அல்ல, எந்திரம். 35 மி.மீ. ஃபிலிம் விநாடிக்கு 24 கட்டம் வீதம் ஓடினால் நிமிடத்துக்கு 90 அடி தீரும். ஆயிரம் அடி ரீல் பதினோரு நிமிடத்தில் காலி. புரொஜெக்டர் இரண்டு இருந்தால் ஒன்று முடிகிற இடத்தில் மற்றதைத் தட்டிவிடலாம். டூரிங் டாக்கீஸில் இருந்ததோ ஒன்றே ஒன்று. சின்ன ரீல்களை ஒட்டிப் பெரிய சுருளாக்கி ஓட்டினாலும் ஒரு காட்சிக்கு மூன்று நான்கு தடவை நிறுத்தியாக வேண்டும். நிறுத்தினால் விளக்கைப் போட வேண்டும். விளக்கைப் போட்டால் முறுக்கு வரும்.

தரை டிக்கெட்காரர்கள் மணலைக் குவித்து அதன்மேல் ஆசனம் போட்டிருப்பார்கள். அந்தக் குவியல்களுக்கும் முழங்கால்களுக்கும் நடுவே கால் வைக்க இடம் தேடித் தேடி, தலையில் தட்டோடு பையன் வருவான். சோடாக்காரன் வாயால் கூவமாட்டான். ஓப்பனரைப் பாட்டில்களின் மேல் வரிசையாக ஓட்டினால் ‘கிர்ர்ர்’ என்று ஒரு சத்தம் வரும், அதுவே போதும். திரையில் தாய் சாகும் தறுவாயில் சுருள் தீர்ந்துபோனால் தாய் காத்திருப்பாள். கொட்டகை முறுக்கைக் கடித்து முடித்து, கலர் குடித்து, ஏப்பம் விட்ட பிறகு நிம்மதியாகக் கண்ணை மூடுவாள். சோகத்தின் அளவு கொஞ்சம்கூடக் குறைந்ததாகத் தகவல் இல்லை.

பிறகு கட்டட அரங்குகள் வந்தன, இரண்டு புரொஜெக்டர் வந்தது. எந்திரத்துக்கு ஓய்வு தேவையில்லை என்று ஆனது. அப்போதே இடைவேளை ஒழிந்திருக்க வேண்டும். ஒழியவில்லை, நான்காக இருந்தது ஒன்றாகச் சுருங்கியது, அவ்வளவுதான். காரணம் செத்தாலும் சடங்கு சாகாது என்பதற்கு மானிடவியலார் எங்கோ இருக்கும் தீவுகளுக்குப் படகேறிப் போய் உதாரணம் தேடுகிறார்கள். நம் ஊர் பஸ் ஸ்டாண்டில் இறங்கி இரண்டாவது ஆட்டம் பார்த்திருக்கலாம்.

அரசாங்கங்கள்கூட இதன்மேல் கை வைக்க முடியவில்லை. இரண்டாம் உலகப்போர் சமயம் ஃபிலிமுக்குப் பஞ்சம் வந்து, எந்தப் படமும் 11,000 அடியைத் தாண்டக் கூடாது என்று வெள்ளைக்கார அரசு கட்டுப்பாடு போட்டது. அதாவது இரண்டு மணி நேரம் சொச்சம். நம்மவர்கள் பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்தார்கள். 1948இல் ‘சந்திரலேகா’ வந்தபோது ஏறக்குறைய மூன்றரை மணி நேரத்துக்கு ஓட்டி வட்டியோடு வசூலித்தார்கள். கவனிக்க வேண்டியது வேறு. அந்தக் கட்டுப்பாடு படத்தைத்தான் வெட்டியது. இடைவேளைக்கு அடிக்கணக்கு கிடையாது. அது ஃபிலிமிலேயே இல்லை. ஃபிலிமில் இல்லாததை எந்தக் கத்தரிக்கோல் வெட்டும்?

சுதந்திர இந்தியாவின் அரசு இன்னும் ஒரு படி மேலே போய் இடைவேளையைச் சட்டத்துக்குள்ளேயே அழைத்துக்கொண்டது. படத்தில் புகைக்கும் காட்சி இருந்தால், படத்தின் தொடக்கத்திலும் நடுவிலும் குறைந்தது 30 விநாடி புகையிலை எதிர்ப்புப் படம் காட்ட வேண்டும் என்ற விதி 2012 அக்டோபர் 2 முதல் நடைமுறையில் இருக்கிறது. ‘நடு’ என்றால் எது? காலத்தால் நடுவா, கதையால் நடுவா? உரையாசிரியர்கள் யாரும் குறுக்கிடுவதற்கு முன் தியேட்டர்காரர்கள் பொருள் கண்டுவிட்டார்கள்: இடைவேளை முடிந்து விளக்கு அணைந்ததும், ஆட்கள் வந்து உட்காருவதற்கு முன்னால். ஆகவே அந்த எச்சரிக்கை யாருக்காக எடுக்கப்பட்டதோ அவர்கள், அது ஓடிக்கொண்டிருக்கும்போது, வெளியே படிக்கட்டில் கடைசி இழுப்பை இழுத்துக்கொண்டிருக்கிறார்கள்.

இனி இலக்கணத்துக்கு வருவோம்.

சங்க இலக்கியத்துக்குத் திணை ஐந்து. இடைவேளைக்கும் அஃதே என்பது இந்த ஆய்வாளனின் துணிபு. ஐந்தையும் சமமாக விரிக்கும் எண்ணம் இல்லை. குறிஞ்சித்திணை பால்கனியின் கடைசி வரிசையில் நிகழ்வது. பத்திரிகை ஒழுக்கம் கருதி அதை விட்டுவிடுகிறேன்.

முல்லையின் உரிப்பொருள் இருத்தல். வினைமேற் சென்ற தலைவன் வரும்வரை ஆற்றியிருத்தல். குடும்பத்துக்கு ஒருவர் இந்தத் திணையில் அகப்படுவார், அது பெரும்பாலும் பெரியம்மா. ‘நீங்கள்லாம் போய்ட்டு வாங்க, நான் சீட்டைப் பாத்துக்கறேன்’ என்று அவரே முன்வந்து சொல்வார். மடியில் இரண்டு ஹேண்ட்பேக். அதன்மேல் குழந்தையின் ஒற்றை ஷூ. இந்தப் பக்க சீட்டில் ஹெல்மெட், அந்தப் பக்க சீட்டில் துப்பட்டா. டிக்கெட்டில் ‘எஃப் 12’ என்று கொட்டை எழுத்தில் அச்சடித்திருந்தாலும் சீட் பறிபோய்விடும் என்ற அச்சம் போகாது. ஓடும் பஸ்ஸின் ஜன்னல் வழியாகக் கர்ச்சீப் போட்டு இடம் பிடித்த பரம்பரை அல்லவா? முல்லைக்குரிய பெரும்பொழுது கார்காலம்; அதற்கு ஏசி போதும். முல்லைப்பாட்டில் முதிய பெண்கள் நற்சொல்லுக்குக் காது கொடுத்து நிற்கிறார்கள். பெரியம்மா இரண்டாவது பெல்லுக்குக் காது கொடுத்து உட்கார்ந்திருக்கிறார்.

தலைவன் எங்கே? நெய்தலில். இரங்கல் அங்குதான் நடக்கிறது. விலைப்பட்டியலை அண்ணாந்து பார்த்தபடி ஓர் அப்பா நிற்கிறார். உதடு லேசாக அசைகிறது, கணக்குப் போடுகிறார். வரிசை நகர்ந்து முறை வந்ததும் ‘சின்னதே போதும்ப்பா’ என்கிறார். கவுண்டர் பையன், ‘சார், இன்னும் கொஞ்சம் போட்டா காம்போவே வந்துரும் சார்’ என்கிறான். அப்பா திரும்பித் தன் பிள்ளைகளைப் பார்க்கிறார். பிள்ளைகள் காம்போவைப் பார்க்கிறார்கள். கார்டை நீட்டிக்கொண்டே அப்பா சொல்லும் வாக்கியம் தமிழ்நாடு முழுவதும் எழுத்து மாறாமல் ஒன்றுதான்: ‘இதே சோளத்தை வீட்ல பொரிச்சா பத்து ரூபா ஆகாது.’ இத்தனை கோடித் தகப்பன்மார்களுக்கு இதைச் சொல்லிக்கொடுத்த குரு யார் என்பது தனி ஆய்வுக்குரியது.

அடுத்துப் பாலை. கையில் ட்ரே, அரங்கில் இருட்டு, வரிசை தெரியவில்லை, மிதிபடுவதெல்லாம் பிறர் கால். பாலை வழியில் ஆறலை கள்வர் உண்டு என்பது மரபு. அவர்களைக் கவுண்டரிலேயே சந்தித்தாகிவிட்டதால் இந்தப் பயணம் பொதுவாகப் பாதுகாப்பானது. திரும்பி வந்ததும் ‘கேரமலா வாங்கினீங்க?’ என்று ஒரு கேள்வி வரும். அது மருதம்.

கேரமல் சாதாரண விஷயம் இல்லை. 2024 டிசம்பரில் ஜெய்சால்மரில் கூடிய ஜி.எஸ்.டி. மன்றம், உப்பும் மசாலாவும் போட்டு உதிரியாக விற்கும் பாப்கார்னுக்கு 5 சதவீதம், அதையே பாக்கெட்டில் அடைத்து லேபிள் ஒட்டினால் 12 சதவீதம், கேரமல் பூசினால் சர்க்கரைப் பண்டம் என்பதால் 18 சதவீதம் என்று விளக்கம் அளித்தது. ஒரு தானியத்துக்கு மூன்று பிறவி. அதற்கு ஏறக்குறைய இரண்டு வருடம் முன்பே, 2023 ஜனவரி 3 அன்று, வெளித் தின்பண்டத்தைத் தடுக்கும் உரிமை தியேட்டருக்கு உண்டு என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருந்தது. யாராவது ஜிலேபி கொண்டுவந்து தின்றுவிட்டுப் பிசுபிசுத்த விரலை சீட்டில் துடைத்தால் சுத்தம் செய்யும் செலவு யாருடையது என்று தலைமை நீதிபதி கேட்டார். தந்தூரி சிக்கன் எலும்புகூட விசாரணையில் இடம்பெற்றது. நல்ல குடிநீர் இலவசமாகத் தர வேண்டும், கைக்குழந்தைக்கான உணவைத் தடுக்கக் கூடாது என்பவை நமக்கு மிஞ்சின. நாட்டின் மிக உயர்ந்த நீதிமன்றமும் மிக உயர்ந்த வரி மன்றமும் சேர்ந்து கவனித்தவை முதல் பாதியா, இரண்டாம் பாதியா? இடைவேளை.

கணக்குப் புத்தகமும் என் பக்கம்தான். டிக்கெட் காசில் விநியோகஸ்தருக்குப் பங்கு உண்டு; பாப்கார்ன் காசில் கிடையாது. பெரிய மல்டிபிளெக்ஸ் கம்பெனியின் வருமானத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு தின்பண்டத்தில் வருகிறது. சென்னை சத்யம் சினிமாஸை 2018இல் பி.வி.ஆர். கம்பெனி வாங்கியபோது நகரத்தில் எழுந்த முதல் கவலை, திரை என்ன ஆகும், ஒலி என்ன ஆகும் என்பதல்ல. பாப்கார்னும், அதன்மேல் தூவிக்கொள்ள வைத்திருக்கும் மசாலாத் தூளும் என்ன ஆகும் என்பதுதான். ஊர் முன்னுரிமையைச் சரியாகத்தான் வைத்திருக்கிறது.

இந்த உண்மையைத் திரைத்துறைக்கு வெளியே இருப்பவர்கள்தான் உணரவில்லை. கோடம்பாக்கத்தில் எல்லாருக்கும் தெரியும். ஹீரோவிடம் கதை சொல்லப் போகும் உதவி இயக்குநர் ஒன்லைன் சொல்லி முடிப்பதற்குள், ‘சரி, இன்டர்வெல் பிளாக் என்ன?’ என்ற கேள்வி வந்துவிடும். கதை இல்லாமல் கால்ஷீட் கிடைக்கலாம், இன்டர்வெல் பிளாக் இல்லாமல் கிடைக்காது. ‘பாட்ஷா’வில் (1995) அடி வாங்கிக்கொண்டு சிரித்த ஆட்டோக்காரர் எழுந்து நிற்பது இடைவேளையை ஒட்டித்தான். ‘விக்ரம்’ (2022) படத்தில் முதல் பாதி முழுக்கச் செத்துப்போனவராக நம்ப வைத்த கமல் முகமூடியைக் கழற்றுவது அங்கேதான். ‘ஜெயிலர்’ (2023) படத்தின் சாப்பாட்டு மேசைக் காட்சியும் அங்கேதான். இடைவேளை நன்றாக அமைந்துவிட்டால் ரசிகன் சிலிர்த்துக்கொண்டே வெளியே வருவான். சிலிர்ப்பில் காம்போ வாங்குவான். இதைத் திரைக்கதை என்பதா, விற்பனை உத்தி என்பதா என்று பிரித்துப் பார்ப்பது சின்னத்தனம்.

வெளிநாட்டுக்காரர்களுக்கு இந்த நுட்பம் தெரியாது. இரண்டு மணி நேரம் ஒரே மூச்சில் ஓடும் என்று நம்பி அவர்கள் எடுத்து அனுப்பும் படத்தை நம் ஊர் அரங்கம் வாங்கிப் பார்த்து, மொத்த நேரத்தை இரண்டால் வகுத்து, விடை வந்த இடத்தில் ஒரே போடாகப் போடும். கதாநாயகன் ‘நான் உன்னை’ என்று வாயெடுத்தால், அவன் காதலிக்கிறானா கொல்லப்போகிறானா என்பதைப் பப்ஸ் தின்றுவிட்டு வந்துதான் தெரிந்துகொள்ள வேண்டும். 2020 ஜனவரியில் சாம் மெண்டிஸின் ‘1917’ இங்கே வந்தது. முதல் உலகப்போரில் செய்தி கொண்டு ஓடும் இரண்டு சிப்பாய்களின் கதை. முழுப்படமும் விட்டுப்போகாத ஒரே ஓட்டமாகத் தெரிய வேண்டும், எங்கே வெட்டியது எங்கே ஒட்டியது என்று ஒருவருக்கும் புலப்படக் கூடாது என்று ஒளிப்பதிவாளர் ரோஜர் டீக்கின்ஸ் படாதபாடு பட்டு, அதற்காக அடுத்த மாதமே ஆஸ்கரும் பெற்ற அந்தப் படம், நம் ஊர் மல்டிபிளெக்ஸில் எல்லாரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தபோது, மிகச் சரியாக

இடைவேளை

முன் இருக்கையில் கால் வைக்காதீர். சைக்கிள் டோக்கன் தொலைந்தால் நிர்வாகம் பொறுப்பல்ல.

நடுவில் நிறுத்தப்பட்டு, விளக்கு போடப்பட்டது.

இதற்குப் பரிகாரம் கண்டவர் நம் இயக்குநர் பார்த்திபன். ‘இரவின் நிழல்’ (2022) படத்தை அவர் மெய்யாகவே ஒரே ஷாட்டில் எடுத்தார். நடுவில் நிறுத்தினால் எடுத்த சிரமம் வீண். நிறுத்தாவிட்டால் கேன்டீன் வீண். ஆகவே அரங்கில் முதல் அரை மணி நேரம் போல அந்தப் படத்தை எடுத்த கதையைக் காட்டினார்கள். அடுத்து இடைவேளை. அதன் பிறகுதான் படம். ஆய்வாளர்கள் இங்கே நின்று கவனிக்க வேண்டும். படத்தை நகர்த்தினார்கள், படத்துக்கு முன்னால் இன்னொரு படத்தையே சேர்த்தார்கள். இடைவேளையை எடுத்துவிடலாமே என்று மட்டும் ஒருவருக்கும் தோன்றவில்லை.

எண்ணிக்கையைக் கூட்டிப் பார்த்தவர்களும் உண்டு. ராஜ் கபூர் ‘சங்கம்’ (1964), ‘மேரா நாம் ஜோக்கர்’ (1970) இரண்டிலும் இரண்டிரண்டு இடைவேளை விட்டார். முன்னது ஓடியது, பின்னது படுத்தது. ஆகவே இரண்டாவது இடைவேளையின் பயன் இன்னும் நிறுவப்படவில்லை என்றே சொல்ல வேண்டும். அமெரிக்காவில் ‘லாரன்ஸ் ஆஃப் அரேபியா’ (1962) காலத்தில் இருந்த வழக்கத்தைப் பிறகு கைவிட்டுவிட்டார்கள். ‘தி புரூட்டலிஸ்ட்’ (2024) படத்தில் 15 நிமிட இடைவேளையைப் படத்துக்குள்ளேயே சேர்த்துவிட, அங்கே அதைப் பற்றி வியந்து வியந்து எழுதினார்கள். முறுக்குத் தட்டைத் தலையில் சுமந்த பையனுக்கு ராயல்டி எதுவும் அனுப்பவில்லை.

இடைவேளை விடாத கலைகள் என்ன ஆகின்றன என்பதையும் பார்க்க வேண்டும். கர்நாடக சங்கீதக் கச்சேரிக்கு இடைவேளை கிடையாது. எனவே ரசிகர்கள் தாங்களாகவே ஒன்றை நியமித்துக்கொண்டார்கள். மார்கழியில் எந்த சபாவிலும் வித்வான் மிருதங்கக்காரரைப் பார்த்துத் தலையசைத்ததும், வரிசை வரிசையாகப் பட்டுப்புடவைகளும் அங்கவஸ்திரங்களும் எழுந்து கேன்டீன் பக்கம் நடக்கும். தனி ஆவர்த்தனத்தின் கடைசித் தீர்மானம் விழும் நேரத்தில் காபி டம்ளரும் கீழே வைக்கப்படும். இத்தனை துல்லியமான தாள ஞானம் உள்ளவர்கள் உள்ளே உட்கார்ந்தே கேட்கலாமே என்று மிருதங்க வித்வான்கள் நினைக்கக்கூடும். அதை நான் ஆராயவில்லை.

சினிமாவிலும் சட்டவிரோத இடைவேளைகள் உண்டு. இரண்டாம் பாதியில், வில்லன் ஆட்கள் துரத்திக்கொண்டிருக்கும்போது நாயகனும் நாயகியும் திடீரென்று ஏதோ ஒரு பனிமலையில் தோன்றினால், அரங்கில் பாதிப் பேர் எழுந்து வெளியே போவார்கள். இதற்குத் ‘தம் பாட்டு’ என்று பெயர். பல வருடம் கழித்து வீட்டில் டிவியில் பார்க்கும்போதுதான், அது அந்தப் படத்திலேயே நல்ல பாட்டு என்று தெரியவரும்.

களப்பணியில் கிடைத்த மிக மதிப்புள்ள தரவு ஆண்கள் கழிப்பறையில் கிடைத்தது. தமிழ்நாட்டில் எந்தப் படத்துக்கும் முதல் விமர்சனம் வெளியாவது அங்கேதான். பக்கத்தில் நிற்பவர் யாரென்று தெரியாது. முகத்தைத் திருப்பிப் பார்ப்பது மரபும் அல்ல. எதிர்ச் சுவரைப் பார்த்தபடியே ஒருவர் கேட்பார், ‘என்ன தல, போவுமா?’ அடுத்தவரும் சுவரிடமே சொல்வார், ‘ஃபர்ஸ்ட் ஹாஃப் ஓகே. செகண்ட் ஹாஃப் எப்டி கொண்டு போறான்னு பாக்கணும்.’ மூன்றாமவர் ஜிப்பைப் போட்டுக்கொண்டே, ‘மியூசிக் பத்தல’ என்று சொல்லிவிட்டுக் கை கழுவாமல் போய்விடுவார். நடுநிலை, சுருக்கம், அச்சமின்மை ஆகிய மூன்றும் இதில் உண்டு. இதைவிட நேர்மையான விமர்சனத்தை நான் படித்ததில்லை. முதல் நாள் முதல் காட்சியில், இடைவேளையிலேயே வாசலில் மைக்கோடு காத்திருக்கும் யூடியூப்காரர்கள் பத்தடி தள்ளித் தவறான இடத்தில் நிற்கிறார்கள்.

அங்கே பிறந்த இந்த அளவுகோல் இன்று எல்லாவற்றையும் அளக்கிறது. கல்யாணப் பந்தியிலிருந்து எழுந்து வருபவர், ‘ஃபர்ஸ்ட் ஹாஃப் சூப்பர், ரசத்துக்கு அப்புறம் டல்’ என்கிறார். கிரிக்கெட்டில் சென்னை அணி முதலில் ஆடினால் ‘ஃபர்ஸ்ட் ஹாஃப்’ பற்றிப் பேச்சு, இரண்டாவது ஆடினால் ‘செகண்ட் ஹாஃப்’ பற்றி. ஐ.பி.எல்.காரர்கள் பிழைக்கத் தெரிந்தவர்கள். ஸ்ட்ராட்டஜிக் டைம் அவுட் என்று வேறு நுழைத்திருக்கிறார்கள், அதில் உத்தி விளம்பரதாரருக்கு மட்டும்தான். ஐம்பதாவது பிறந்தநாளுக்குக் கேக் வெட்டுபவரிடம் ‘இனிமேதான் சார் உங்களுக்கு செகண்ட் ஹாஃப்’ என்கிறார்கள். அப்படியானால் நடுவில் பதினைந்து நிமிடம் விட்டார்களா, பப்ஸ் கொடுத்தார்களா என்று அவர் கேட்கலாம். கேட்பதில்லை. வாயில் கேக்.

ஓ.டி.டி. வந்ததும் இடைவேளை செத்தது என்று இரங்கல் எழுதத் தயாரானவர்கள் உண்டு. வீட்டில் ரிமோட் இருக்கிறது, வேண்டும்போது நிறுத்தலாம், எதற்கு இடைவேளை? ஆனால் செல்போனில் பார்த்தாலும் படத்தின் நடுவில், நாயகன் பின்னணியில் ஏதாவது எரிய நடந்து வரும்போது, ‘இடைவேளை’ என்ற எழுத்து இன்னும் வந்து நிற்கிறது. இரண்டு விநாடிதான். விளக்கு எரியாது, கதவு திறக்காது. இருந்தாலும் என் வீட்டில் அந்த எழுத்தைக் கண்டதும் மூன்று பேர் எழுந்துவிடுகிறார்கள். ஒருவர் அடுப்படிக்கு, ஒருவர் பாத்ரூமுக்கு, மூன்றாமவர் எங்கே போவதென்று தெரியாமல் ஹாலில் நிற்பார். பத்தரை மணி பெல்லுக்கு ஒன்றுக்குப் போகப் பழக்கிய பள்ளிக்கூடங்கள் இதற்கு ஓரளவு பொறுப்பு.

இந்த இயலுக்கு மறுப்பு ஒன்றும் உண்டு, மறைப்பது நேர்மையாகாது. அது என் சித்தப்பா. அவர் வளர்ந்த ஊரில், இடைவேளை முடிந்து கொஞ்ச நேரத்தில் கேட்காரர் டீ குடிக்கப் போய்விடுவார். கேட் திறந்தே கிடக்கும். பையில் காலணா இல்லாத பையன்களெல்லாம் அப்போது உள்ளே நுழைவார்கள். இப்படியாக சித்தப்பா தன் இளமையில் பார்த்த அத்தனை படத்திலும் இரண்டாம் பாதியை மட்டுமே பார்த்தவர். இடைவேளை என்பதையே அவர் பார்த்ததில்லை. அவருக்கு அது வாசலில் காத்திருக்கும் நேரம். எல்லாப் படத்துக்கும் அவருக்கு முடிவு தெரியும், காரணம் தெரியாது. வில்லன் என்ன தப்புச் செய்தான் என்று கேட்டால், ‘ஏதோ பண்ணிருக்கான். இல்லாட்டி இந்த அடி அடிப்பாரா?’ என்பார். அவர் பார்த்தவற்றில் முழுக்கப் புரிந்த படம் ‘பாட்ஷா’ ஒன்றுதான். ஃபிளாஷ்பேக் இரண்டாம் பாதியில் வருகிறது.

பிற்காலத்தில் உத்தியோகம் பார்த்து, டிக்கெட் வாங்கும் வசதி வந்து, சித்தியோடு முதல் தடவை முழுப்படம் பார்த்தபோது முதல் பாதியில் நெளிந்துகொண்டே இருந்தாராம். ‘எதுக்கு இவ்ளோ விளக்கம் சொல்றாங்க?’ என்று சித்தியிடம் கேட்டிருக்கிறார். இன்றைக்கும் வீட்டில் படம் போட்டால் ஒரு மணி நேரம் நகர்த்திவிட்டுத்தான் உட்காருவார். சித்திக்கோ அடுப்படி வேலையெல்லாம் முடிந்த அலுப்பில் இடைவேளை எழுத்து வரும் முன்பே தூக்கம் வந்துவிடும். முப்பது சொச்சம் வருட தாம்பத்தியத்தில் இருவரும் ஒரே காட்சியைச் சேர்ந்து பார்த்தது குறைவு. அதனால் படத்தைப் பற்றிச் சண்டையே வந்ததில்லை என்று சித்தி சொல்கிறார்.

மாற்றுத் தரப்பின் கருத்தையும் பதிவு செய்வது முறை என்பதால் இந்தக் கட்டுரையின் கையெழுத்துப் பிரதியை சித்தப்பாவிடம் கொடுத்தேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டார். தலைப்பைப் பார்த்தார். பிறகு விறுவிறுவென்று தாளைப் புரட்டி, ‘இடைவேளை’ என்று எழுதியிருந்த இடத்தைக் கண்டுபிடித்து, அங்கிருந்து படிக்க ஆரம்பித்தார். சைக்கிள் டோக்கன் வரியில் மட்டும் ஒரு தடவை சிரித்தார். முடித்ததும் தாளை மடித்துத் திருப்பிக் கொடுத்தார்.

‘செகண்ட் ஹாஃப் கொஞ்சம் இழுவைடா’ என்றார். ‘நடுவுல ஒரு பாட்டு வச்சிருந்தீன்னா எந்திரிச்சுப் போயி ஒரு டீ குடிச்சுட்டு வந்திருப்பேன்.’